சேமக்கலம் நிறையாத காரணம்

2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயல் சென்னைக்கருகே கரையேறிய பின்னர், தென்புறத்து ஊர்கள் பலவற்றில் நாட்கணக்காய் மின்சாரம் நின்றுபோயிற்று. அக்காலத்தே கீழ்க்கட்டளையில் யான் அறிந்த ஓர் இல்லத்தில், இன்வெர்ட்டருடன் இணைந்த சேமக்கலம் முற்றும் தீர்ந்து, சில நாட்கள் அவ்வண்ணமே கிடந்தது. மின்சாரம் மீண்ட பின்பு இராமுழுதும் ஏற்றியும், ஒரு விளக்கும் ஒரு விசிறியும் அரைமணி நேரமே ஓடின. புதிய பாட்டரி வாங்குவதே வழி என்றார் கடைக்காரர் ஒருவர். வீட்டுக்காரருக்கோ அவ்விலை ஒரு மாத வாடகைக்கு மேற்பட்டது. ஆதலின் பரீட்சித்துப் பார்க்கத் துணிந்தோம்.

பிரான்சு நாட்டுப் பிளாண்டே என்பார் 1859-இல் அமைத்த ஈயக்கலமே, பல திருத்தங்களுடன் இன்றும் நம் வீடுகளில் உள்ளது. ஈயத் தகடும் ஈயப் பெராக்ஸைடு தகடும் நீர் கலந்த கந்தகத் திராவகத்தில் நிற்கும். மின்சாரம் செலவாகுங்கால் இருவகைத் தகடுகளிலும் ஈய சல்பேட் படியும், திராவகம் நீர்த்துப்போகும். ஏற்றுங்கால் இம்மாறுதல் திரும்பும். எனவே திராவகத்தின் ஒப்படர்த்தியே கலத்தின் நிறைவைக் காட்டும் கணக்கேடு: நிறைந்தபோது ஏறக்குறைய 1.26, தீர்ந்தபோது 1.12 அளவு. தீர்ந்த கலத்தை வாளாவிட்டால் சல்பேட் கடினப் படிகமாகிக் கரைய மறுக்கும்.

முதலில் ஏற்றத்தை நிறுத்திச் சில மணி நேரம் கலத்தை ஓய்வில் வைத்தோம். நிறைந்த கலம் 12.7 வோல்ட் அளவு காட்டவேண்டும், இது 12.2 காட்டியது. ஆறு அறைகளிலும் ஒப்படர்த்தி 1.18-ஐ ஒட்டியே இருந்தது. ஓர் அறை மட்டும் மிகத் தாழ்ந்திருப்பின், அவ்வறை கெட்டதென்று கலத்தைக் கைவிட்டிருப்போம். எல்லாம் ஒருங்கே தாழ்ந்திருந்தமையின், ஏற்றமே குறைந்தது என்று ஐயுற்றோம்.

பின்னர் ஏற்றத்தைத் தொடங்கி வோல்ட்மானியை ஈரிடத்தில் வைத்தோம். இன்வெர்ட்டரின் முனைகளில் 14.2, கலத்தின் ஈயக் கம்பங்களிலோ 13.3. இடையே 0.9 வோல்ட் எங்கே போயிற்று? மானியின் ஒரு முனையைக் கம்பத்திலும் மற்றதை அதனைப் பற்றியிருந்த கவ்வியிலும் வைத்தபோது அத்திருடன் அகப்பட்டான். கவ்வியின் உட்புறம் வெண்மையும் நீலமும் கலந்த உப்பு பூத்திருந்தது. கை வைத்தால் சுட்டது. ஓடிய மின்சாரம் 9 ஆம்பியர். ஆகவே அவ்விணைப்பின் தடை 0.1 ஓம். தன் முனையில் 14.2 கண்ட இன்வெர்ட்டர், கலம் நிறையுமுன்னரே நிறைந்ததென்று எண்ணி ஏற்றத்தைக் குறைத்துக்கொண்டது. செலவின்போதும் 12 ஆம்பியர் ஓடுமாயின் 1.2 வோல்ட் அங்கேயே வீணாகும். கலத்தில் மின்சாரம் இருக்கவே கருவி தன்னை அணைத்துக்கொள்ளும்.

மேனாட்டார் வீடுபோல் அமைத்து ஊர் சுற்றும் வண்டிகளிலும் இவ்விடர் உண்டு. முன்னே எஞ்சினும் பின்னே பாட்டரியுமாக இடையில் நீண்ட மெல்லிய கம்பி ஓடுவதால், அங்கே கம்பியே திருடனாகும்.

ஏற்றத்தை நிறுத்தி, வீட்டு மின்சாரத் தொடர்பையும் அகற்றி, எதிர்மின் கவ்வியை முதலில் கழற்றினோம். ஆப்பச் சோடா கரைத்த நீரால் உப்பைக் கழுவினோம்; அந்நீர் அறைகளுக்குள் ஒரு துளியும் புகலாகாது, புகுந்தால் திராவகம் கெடும். உலோகம் மின்னத் தேய்த்து, இறுக முடுக்கி, மேலே வாசலைன் பூசினோம். கண்ணுக்குக் கண்ணாடி அணிதலும், மோதிரம் வளையல்களைக் கழற்றுதலும் வேண்டும். அறைக்குள் நீர் உளதா என்று தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பவரை யான் கண்டதுண்டு! ஏற்றத்தின்போது எழும் ஹைட்ரஜன் வாயு வெடிக்கும், கைவிளக்கே போதும்.

மறுமுறை அளந்தபோது இணைப்பில் இழப்பு 0.05 வோல்ட்டே. இரண்டு நாள் ஏற்றிய பின் ஒப்படர்த்தி 1.235-க்கு உயர்ந்து அங்கேயே நின்றது. எஞ்சிய குறை, தீர்ந்து கிடந்த நாட்களில் இறுகிய சல்பேட்டின் வேலை. அதற்கு நம்மிடம் மருந்தில்லை. ஆயினும் அதே விளக்கும் விசிறியும் மூன்று மணி நேரத்திற்கு மேல் ஓடின.

புறப்படுமுன் கலத்தருகே ஒரு குடத்தைக் கண்டேன். ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீரையே அதுகாறும் அறைகளில் வார்த்துவந்தனராம். அதை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் வாலைவடிநீர்ப் புட்டி ஒன்றை வைத்து வந்தேன்.