மைலோ டின்னில் மாத்திரை

போன மாதம் செலாயாங் பாருவில் ஒரு துக்க வீடு. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வாசலில் போட்ட கூடாரத்தின் கீழ் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம். இறந்தவர் என் அடுத்த தெருக்காரர், பாசார் போரோங்கில் முப்பது வருஷம் காய்கறி லோரி ஓட்டியவர். கடைசி இரண்டு வருஷம் வாரம் மூன்று தடவை, தடவைக்கு நாலு மணி நேரம் டயாலிசிஸ். பக்கத்து நாற்காலிக்காரர் ரசத்தை ஊதிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்: "இனிப்பு நீருக்கு கவர்மெண்ட்ல குடுக்கிற மாத்திரைதான் அவரு கிட்னிய அடிச்சிருச்சு." சுற்றியிருந்த நாலு பேரும் தலையாட்டினார்கள்.

நான் வாயைத் திறக்கவில்லை. இழவு வீட்டில் வாதாடக் கூடாது என்று வளர்க்கப்பட்டவன். அன்று விழுங்கியதை இங்கே துப்பிவிடுகிறேன்.

இருபத்தெட்டு வருஷம் மருந்துக் கவுண்டருக்குப் பின்னால் நின்றிருக்கிறேன். இந்த ஒரு வாக்கியத்தை முடிவெட்டும் கடையில் கேட்டிருக்கிறேன், மாமாக் கடையில் கேட்டிருக்கிறேன், பத்து மலைத் தண்ணீர்ப் பந்தலில் கேட்டிருக்கிறேன். படிக்காதவர்கள் மட்டும் சொல்வதில்லை. ஆசிரியர்கள் சொல்கிறார்கள், வக்கீல் ஒருவர் சொன்னார். எங்கள் செலாயாங் மருத்துவமனை 1999இல் திறந்தபோது, நாட்டின் முதல் காகிதமில்லா மருத்துவமனை என்று பெருமையாகப் பேசினோம். வதந்தி அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே காகிதமில்லாமல்தான் வேலை செய்துகொண்டிருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஊரார் குறை சொல்லும் மாத்திரையின் பெயர் மெட்ஃபார்மின். அது கிட்னியைக் கெடுக்காது. 'அதிகம் கெடுக்காது', 'சிலருக்குக் கெடுக்கலாம்' என்றெல்லாம் இழுக்கப் போவதில்லை. கெடுக்காது.

பிறகு ஏன் கிட்னி பழுதானவருக்கு டாக்டரே அதை நிறுத்துகிறார்? வதந்தியின் ஆணிவேர் இந்தக் கேள்விதான். மெட்ஃபார்மினை உடல் உடைத்துச் செரிப்பதில்லை. உள்ளே போன மருந்து அப்படியே சிறுநீர் வழியாக வெளியேறுகிறது. கிட்னி தளர்ந்தால் வெளியேறும் வேகம் குறையும், மருந்து ரத்தத்தில் தேங்கும், தேங்கினால் ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறும் ஆபத்து உண்டு. அதனால் கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்பதைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். எண் 45க்குக் கீழே போனால் அளவைக் குறைப்போம், 30க்குக் கீழே போனால் நிறுத்திவிடுவோம். லோங்காங் அடைத்துக்கொண்டால் தண்ணீர் ஊற்றுவதைக் குறைக்கிறோம் இல்லையா? தண்ணீர்தான் லோங்காங்கை உடைத்தது என்று யாராவது சொல்வார்களா? வீட்டில் புரிகிற இந்தக் கணக்கு மாத்திரை என்றதும் ஏன் மறந்துபோகிறது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

இன்னொரு பழைய பாவமும் இதில் சேர்ந்திருக்கிறது. மெட்ஃபார்மினுக்கு ஃபென்ஃபார்மின் என்று ஒரு பங்காளி இருந்தது. அந்த லாக்டிக் அமிலக் கோளாறை அது நிஜமாகவே அதிகம் உண்டாக்கியதால் 1970களின் பிற்பகுதியில் பல நாடுகள் அதை விலக்கின. பங்காளி செய்த தப்புக்கு இன்றுவரை இவன் அடி வாங்குகிறான். அமெரிக்கா மெட்ஃபார்மினை 1994 வரை உள்ளேயே விடவில்லை. பிரான்சில் ஜான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் 1957லேயே அதை நோயாளிகளுக்குக் கொடுத்து எழுதியும் வைத்துவிட்டார்.

அப்படியானால் கிட்னியைத் தின்பது யார்? சர்க்கரைதான். கூடவே ரத்த அழுத்தம். ஒரு கிட்னிக்குள் ஏறத்தாழ பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. சர்க்கரை மிகுந்த ரத்தம் வருஷக்கணக்கில் அவற்றை மிதமிஞ்சி வேலை வாங்குகிறது. முதலில் அவை வீங்குகின்றன, பிறகு ஓட்டை விழுந்து புரதம் ஒழுகுகிறது, கடைசியில் தழும்பாகி மூடிக்கொள்கின்றன. பத்துப் பதினைந்து வருஷம் நடக்கும் இந்தக் கூத்தில் ஒரு நாள்கூட வலிக்காது. வலிக்காததால் யாரும் அதைச் சந்தேகப்படுவதில்லை. தினமும் கையில் எடுத்து விழுங்குகிற மாத்திரை கண்ணுக்குத் தெரிகிறது, பழியும் அதன்மேல் விழுகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். நோய் முற்றியவர்தான் அதிக மாத்திரை சாப்பிடுவார், கிட்னி போகிறவரும் அவர்தான்.

ஆதாரம் வேண்டுமா? பிரிட்டனில் 1977இல் தொடங்கிய ஓர் ஆய்வில், புதிதாக இனிப்பு நீர் கண்ட 5,102 பேரை வருஷக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். முடிவு 1998இல் வந்தது. மருந்து கொடுத்துச் சர்க்கரையை இறுக்கிப் பிடித்தவர்களுக்குக் கண், கிட்னி போன்ற இடங்களின் நுண்குழாய்ச் சேதம் கால்பங்கு குறைந்தது. உடல் பருத்தவர்களில் மெட்ஃபார்மின் சாப்பிட்ட குழுவில் மரணமே 36 சதவீதம் குறைவு. கிட்னியைக் கொல்லும் மாத்திரை ஆளை மட்டும் காப்பாற்றுமா?

இங்கே மலேசியாவில் 50,000க்கு மேற்பட்டோர் டயாலிசிஸில் இருக்கிறார்கள். புதிதாக அந்த நாற்காலிக்கு வருபவர்களில் பாதிக்கு மேல் இனிப்பு நீர்க்காரர்கள். 2019 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு இனிப்பு நீர். இந்தியர்களிடையே மட்டும் 31.4 சதவீதம், அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒருவர். இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த 18.3இல் 8.9 சதவீதம் பேருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. தெரியாதவர் மாத்திரை சாப்பிட்டிருக்க முடியாது. அவர் கிட்னியும் கெடுகிறதே, அதை எந்த மாத்திரையின் தலையில் கட்டுவது?

கோபம் வருகிறது. ஏனென்றால் மாத்திரைக்குப் பயப்படும் அதே ஆள் முட்டி வலிக்கு என்ன செய்கிறார் தெரியுமா? பொன்ஸ்டான் அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மிட்டாய் போல விழுங்குகிறார். மெஃபெனாமிக் அமிலம், டைக்லோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள்தான் கிட்னிக்குப் போகும் ரத்தத்தைக் குறைப்பவை. ஏற்கெனவே தளர்ந்த கிட்னியை நிஜமாகவே அடித்துச் சாய்ப்பவை அவைதாம். அவற்றைப் பற்றி ஒரு துக்க வீட்டிலும் யாரும் பேசிக் கேட்டதில்லை.

அடுத்தது மூலிகைப் பொட்டலம். "இது இயற்கை சார், பக்க விளைவே கிடையாது." மெட்ஃபார்மினின் பூர்வீகமும் ஒரு மூலிகைதான். கலேகா என்ற ஐரோப்பியச் செடியில் இருந்த சரக்கைப் பார்த்துத்தான் அந்த வகை மருந்தே பிறந்தது. இயற்கை என்றால் அதுவும் இயற்கையே. பாசார் மாலாமில் விற்கும் பெயரில்லாப் பொடிக்குள் என்ன இருக்கிறது என்பதே என் கவலை. 2008இல் சிங்கப்பூரில் என்ன நடந்தது? இனிப்பு நீரே இல்லாத சுமார் 150 பேர் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கி மருத்துவமனைகளில் விழுந்தார்கள், நாலு பேர் செத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ரத்தத்தில் கிளிபென்கிளமைடு இருந்தது. ஆண்மைக்கு என்று கள்ளத்தனமாக விற்ற சரக்குகளில் கலந்திருந்த சர்க்கரை மாத்திரை அது. பொட்டலத்தில் 'மால்' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் குப்பையில் போடுங்கள், விற்றவர் சொந்தக்காரராக இருந்தாலும்.

மெட்ஃபார்மின் பரம சாது என்று நான் சொல்லவில்லை. வயிற்றைக் கலக்கும், சாப்பாட்டோடு சேர்த்து எடுத்தால் குறையும். வருஷக்கணக்கில் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம், சைவக்காரர்கள் ரத்தத்தில் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். குறை அவ்வளவுதான்.

"இதெல்லாம் மருந்துக் கம்பெனிக்காரன் வியாபாரம்" என்று மடக்குவோருக்கு ஒரு வார்த்தை. கம்பெனிகளை நான் ஏன் காப்பாற்றப் போகிறேன்? ரோசிகிளிட்டசோன் என்ற சர்க்கரை மருந்தால் மாரடைப்பு கூடலாம் என்று 2007இல் ஆய்வு வந்தது. அதைத் தயாரித்த கிளாக்ஸோஸ்மித்க்ளைன் 2012இல் அமெரிக்க அரசுக்கு 300 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்ட வழக்கில், அந்த மருந்தின் பாதுகாப்பு விவரங்களை அரசுக்குத் தெரிவிக்காததும் ஒரு குற்றச்சாட்டு. சந்தேகப்பட வேண்டிய இடத்தில் தாராளமாகச் சந்தேகப்படுங்கள். ஆனால் மெட்ஃபார்மினுக்குக் காப்புரிமை கிடையாது, யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம், விலை சில காசு. கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி டாக்டரைப் பார்த்து, மாத்திரையும் வாங்கி வருகிறோம். கம்பெனிக்காரன் கொள்ளையடிக்க நினைத்தால் இந்த மாத்திரையை அல்ல, இதைக் கைவிட்ட பிறகு தேவைப்படும் சாமான்களைத்தான் விரும்புவான். 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்கும் மருந்துக் கடையும் மருந்து விலையை எழுதிப் போட வேண்டும் என்று சட்டம் வந்தது. அடுத்த வாரமே டாக்டர்கள் புத்ராஜெயாவில் கூடி எதிர்த்தார்கள். அவர்கள் பக்கத்து நியாயம் அவர்களுக்கு. பாசாரில் கெம்போங் மீனுக்கே விலை எழுதிப் போடுகிறோம், மாத்திரைக்குப் போட்டால் என்ன என்பது என் கட்சி.

மற்றவை சில்லறை வதந்திகள்.

'இன்சுலின் ஊசி போட்டால் கடைசிக் கட்டம்.' இல்லை. கணையம் சுரப்பதை நிறுத்தினால் வெளியிலிருந்து கொடுக்கிறோம். 1922இல் டொரோண்டோவில் முதல் ஊசி போட்டுக்கொண்ட பதினாலு வயதுப் பையனுக்கு அது கடைசிக் கட்டத்திலிருந்து மீள வழி.

'குலா மலாக்கா, கருப்பட்டி, தேன் எல்லாம் சேராது.' எது சேராது? ரத்தத்தில் ஏறுமே, அந்தச் சர்க்கரையில் சேரும். நிறம்தான் வேறு.

'பாகற்காய்ச் சாறு போதும்.' பொரியல் செய்து சாப்பிடுங்கள், நல்ல காய்.

'சர்க்கரை நார்மலாகிவிட்டது, நிறுத்திவிட்டேன்.' மாத்திரை சாப்பிட்டதால் நார்மல் ஆனது, ஐயா.

'முருகனுக்கு நேர்ந்த கால் புண்ணாகாது.' இதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ள என்னால் முடியாது. இனிப்பு நீர் கால் நரம்பை மழுக்கிவிடும். சூடான தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்து, 272 படி ஏறி, பாதத்தில் கொப்புளம் வந்ததே தெரியாமல் வீட்டுக்குப் போய்ப் படுத்தவர்களை நான் அறிவேன். காவடி எடுங்கள். அன்று ராத்திரி பாதத்தை யாரிடமாவது காட்டுங்கள்.

கிட்னி பயம் நிஜமாகவே இருந்தால் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. வருஷத்துக்கு ஒரு முறை சிறுநீரில் புரதம் ஒழுகுகிறதா என்று கேட்டுப் பாருங்கள். ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறும் வரை காத்திருந்தால் பாதிக் கிட்னி போயிருக்கும். ஒழுக்கு தெரிந்தால் அழுத்த மாத்திரை உண்டு. இப்போது டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று கிட்னியைக் காக்கும் சர்க்கரை மாத்திரைகளே வந்துவிட்டன. 1835இல் ஆப்பிள் மர வேர்ப் பட்டையில் கண்டெடுத்த ஒரு பொருளின் பேரப்பிள்ளைகள் அவை. கிட்னியைக் காக்கும் மாத்திரை வந்த காலத்திலும் நாம் மாத்திரை கிட்னியை அடிக்கும் என்று ரசம் ஊதிக்கொண்டிருக்கிறோம்.

துக்க வீட்டுக்குத் திரும்புகிறேன். கூட்டம் கலைந்தபின் இறந்தவரின் மனைவி என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். "தம்பி, நீங்க மருந்துக் கடையில இருந்தவங்க. இத என்ன செய்யறதுன்னு சொல்லுங்க" என்று அலமாரிக்கு மேலிருந்து பெரிய மைலோ டின் ஒன்றை இறக்கினார். மூடியைத் திறந்தேன். மெட்ஃபார்மின். அட்டை அட்டையாக, ரப்பர் பேண்ட் போட்டு, பிரிக்காமல். ஒரு மாத்திரைகூடக் குறையாத அட்டைகள். தேதிகளைப் பார்த்தேன், டயாலிசிஸுக்கு ஏழெட்டு வருஷம் முந்தியவை. கிளினிக்குக்கு ஒழுங்காகப் போயிருக்கிறார், ஒழுங்காக வாங்கியிருக்கிறார். வாங்காமல் வந்தால் டாக்டர் திட்டுவார் அல்லவா? வாங்கி வந்து, கிட்னி கெட்டுவிடும் என்று பயந்து, டின்னில் போட்டு மூடியிருக்கிறார்.

சாப்பிடாத மாத்திரைதான் அவரைக் கொன்றது என்று வெளியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

என் பழைய சண்டை ஒன்று உண்டு, தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். மருந்து உறையில் தமிழ் வேண்டும் என்பதுதான் அது. நான் நின்ற கவுண்டரில் உறை மலாயில்தான் இருந்தது. 'டுவா பிஜி, டுவா காலி செஹாரி', இரண்டு மாத்திரை, ஒரு நாளைக்கு இரண்டு வேளை. தோட்டத்தில் தமிழ்ப் பள்ளி மூன்றாம் வகுப்போடு நின்ற ஒரு பாட்டிக்கு அதில் இரண்டு 'இரண்டு'தான் தெரிந்தது. நாலு மாத்திரைக்குப் பதில் இரண்டைச் சாப்பிட்டார். சர்க்கரை இறங்கவில்லை, டாக்டர் இன்னொரு மருந்தைச் சேர்த்தார், அதன் உறையும் மலாயில். மேலே எழுதிக் கொடுத்தேன், கூட்டத்தில் பேசினேன், 'பார்க்கலாம்' என்றார்கள். பார்த்துக்கொண்டே நான் ஓய்வு பெற்றேன். வாய்ப்பேச்சால் பரவும் வதந்தி தமிழில் வருகிறது, உறைமேல் இருக்கும் உண்மை வேறு மொழியில் வருகிறது. எது ஜெயிக்கும்?

அந்த அக்கா டின்னை மூடிவிட்டு, இடுப்பில் செருகியிருந்த பையைத் திறந்து ஓர் உறையை எடுத்தார். போன வாரத் தேதி, அவர் பெயர்.

"எனக்கும் இப்ப இதேதான் குடுத்திருக்காங்க, தம்பி. இதுல என்ன எழுதியிருக்கு?"