தடை முடிந்தால் லைசென்ஸ் தானாக வந்துவிடுமா?

"மூணு மாசம்தானேண்ணே, பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டா லைசென்ஸ் அதுபாட்டுக்கு வந்துரும்." தேவகோட்டை பேருந்து நிலையப் பக்கத்து டீக்கடைகளில் இந்தச் சட்ட ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும். இதற்கு நேர் எதிரான ஆலோசனை அடுத்த பெஞ்சிலேயே கிடைக்கும்: "ஒருவாட்டி சஸ்பெண்ட் ஆச்சுன்னா அவ்வளவுதான், எல்.எல்.ஆர். போட்டு, எட்டுப் போட்டு, எல்லாம் முதல்லேருந்து." இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. லைசென்ஸை நிறுத்தியது யார், எந்தப் பிரிவில் நிறுத்தினார்கள் என்பதை வைத்துத்தான் மறுதேர்வு உண்டா இல்லையா என்பது முடிவாகும். அந்தக் கேள்வியை மட்டும் எந்த பெஞ்சிலும் யாரும் கேட்பதில்லை.

அடிக்கடி நடப்பதிலிருந்து தொடங்கலாம். ஹெல்மெட் இல்லை, ஒரே பைக்கில் மூன்று பேர், அதிவேகம், குடித்துவிட்டு ஓட்டியது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் வந்த திருத்தத்தின்படி, இந்தக் குற்றங்களில் போலீஸ் லைசென்ஸைக் கைப்பற்றிப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். தடை போடும் அதிகாரம் அந்த அலுவலகத்துக்கு. 19-ஆவது பிரிவு அது. நம் விளக்கத்தைக் கேட்ட பிறகே உத்தரவு போட முடியும். முதல் முறைக்கு மூன்று மாதத் தடை, அடுத்த முறை லைசென்ஸே ரத்து.

இந்த மூன்று மாதக்காரர் எட்டுப் போட வேண்டியதில்லை. அதற்காக லைசென்ஸ் அதுபாட்டுக்கு வந்துவிடவும் செய்யாது. ஓட்டுநர்களுக்கான புத்தாக்கப் பயிற்சியை முடித்தால்தான் திருப்பித் தர வேண்டும் என்று அதே திருத்தம் சொல்கிறது. உரிமம் பெற்ற ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியிலோ, மத்திய அரசு அறிவிக்கும் நிறுவனத்திலோ அந்தப் பயிற்சியைப் பெற வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் பல் தேயும், அவ்வளவே.

நீதிமன்றம் நிறுத்திய லைசென்ஸ் வேறு கதை. ஆபத்தான முறையில் ஓட்டி ஒருவரின் உயிரைப் பறித்தவர், அல்லது கொடுங்காயம் விளைவித்தவர், 184-ஆவது பிரிவில் தண்டனை பெற்றால், 22-ஆவது பிரிவின் கீழ் அவருடைய லைசென்ஸை நீதிமன்றம் ரத்து செய்யலாம், அல்லது குறிப்பிட்ட காலத்துக்கு நிறுத்தி வைக்கலாம். நிறுத்தி வைத்தால் அட்டை, அதை வழங்கிய அல்லது கடைசியாகப் புதுப்பித்த அலுவலகத்தின் காவலுக்குப் போகும். காலம் முடிந்ததும் நாமே மனுப் போட வேண்டும். மனுப் போட்டாலும், புதிதாக ஓட்டுநர் தேர்வைச் சந்தித்து, பாஸ் செய்து, மருத்துவச் சான்றும் கொடுத்தால்தான் அட்டை கைக்கு வரும். இருபது வருடமாக ராமநாதபுரம் ரோட்டில் லாரி ஓட்டுகிறேன் என்பதெல்லாம் அங்கே செல்லாது. முதல் முறை லைசென்ஸ் கேட்டு வந்த கல்லூரிப் பையனுக்கு என்ன தேர்வோ, அதேதான்.

யாரையும் காயப்படுத்தாத வழக்கிலும் இது வரலாம். 184-ல் தண்டிக்கப்பட்டவருக்குத் தடை விதிக்கும்போது, "மறுபடியும் தேர்வில் தேறும் வரை தடை தொடரும்" என்று நீதிமன்றம் சேர்த்து எழுதலாம். 20-ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது. அந்த ஒரு வரி உத்தரவில் இருந்தால், காலண்டரில் தேதி கிழிப்பதில் பயனில்லை. குடித்துவிட்டு ஓட்டி இரண்டாவது முறை தண்டனை பெற்றவருக்கோ 22-ஆவது பிரிவில் ரத்துதான். இப்படி லைசென்ஸ் ரத்தானவர்களுக்கு டீக்கடை இரண்டாம் பெஞ்ச் சொன்னது முழுக்கச் சரி: எல்.எல்.ஆரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இந்தப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரில் இருப்பதால் இன்னொரு நம்பிக்கையும் உலவுகிறது: தடை ஒரு வருடத்தைத் தொட்டால் மறுதேர்வு, அதற்குக் குறைந்தால் இல்லை. லீவில் வந்த மாப்பிள்ளை பொய் சொல்லவில்லை. சிங்கப்பூரில் சட்டம் அப்படித்தான். ஒரு வருடமோ அதற்கு மேலோ தடை பெற்றவரின் லைசென்ஸ் அங்கே செல்லாமல் போகும், எல்லாத் தேர்வுகளையும் முதலிலிருந்து எழுத வேண்டும். நம் சட்டத்தில் அப்படியொரு ஒரு வருடக் கோடு கிடையாது. நீதிமன்றம் நிறுத்தி வைத்தது இரண்டே மாதமானாலும் 22-ஆவது பிரிவில் மறுதேர்வு உண்டு.

அதிகபட்சம் ஆறு மாதம்தான் போடுவார்கள் என்பவர்களுக்கு ஒரு பெயர் போதும். யூடியூபர் டிடிஎஃப் வாசன் 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே நெடுஞ்சாலையில் பைக்கைத் தூக்கி விபத்துக்குள்ளானார். அவருடைய லைசென்ஸுக்குப் போக்குவரத்து அலுவலகம் போட்ட தடை 10 ஆண்டு, 2033 அக்டோபர் வரை. ஆறு மாதம் என்ற எண் சட்டத்தில் வேறோர் இடத்தில் வருகிறது: தடை உத்தரவு வந்து ஆறு மாதம் கழிந்த பிறகு, அதை நீக்கவோ மாற்றவோ சொல்லி மனுப் போடலாம். டீக்கடை வழியாக வரும்போது இந்த இரண்டும் ஒன்றாகிவிட்டன போலிருக்கிறது.

ரசீது விஷயம் இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது. "போலீஸ் கொடுத்த சீட்டு இருக்குல்ல, அதைக் காட்டி ஓட்டலாம்" என்று சொல்பவர்கள் பழைய ஆட்கள். அவர்கள் காலத்தில் அது சரி. 206-ஆவது பிரிவின் பழைய உட்பிரிவுகளில் லைசென்ஸைப் பறித்தால் கொடுக்கும் ஒப்புகைச் சீட்டே ஓட்டுவதற்கான அனுமதி. 2019-ல் சேர்த்த நான்காம் உட்பிரிவில் அது தலைகீழ். தடைக்காக அனுப்பப்படும் லைசென்ஸுக்குத் தரும் சீட்டு, அட்டை திரும்பி வரும் வரை ஓட்ட அனுமதிக்காது என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது. ஒரே மாதிரிச் சீட்டு, இரண்டு பலன். எந்த உட்பிரிவு என்று சீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

தடைக்காலத்தில் ஓட்டிப் பிடிபட்டால் 182-ஆவது பிரிவு: மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பாண்டிச்சேரியிலோ வேறு மாவட்டத்திலோ தெரிந்தவர் முகவரியில் புதுசாக எடுத்துவிடலாம் என்று புரோக்கர் சொன்னாலும் அதே பிரிவுதான். தடைபட்டவர் அப்படி வாங்கும் லைசென்ஸ் செல்லாது. 'சாரதி' கணினித் தரவுத்தளம் நாடு முழுவதுக்கும் ஒன்றாகிவிட்ட காலத்தில் இந்த யோசனைக்குக் காசு கொடுப்பதை என்னவென்று சொல்ல?

அபராதம்கூடக் கட்டிவிடலாம். இன்சூரன்ஸை நினைத்துப் பாருங்கள். தடை செய்யப்பட்டவர் ஓட்டியது, காப்பீட்டு நிறுவனம் பொறுப்பைத் தட்டிக் கழிக்கச் சட்டமே தரும் காரணங்களில் ஒன்று. ஸ்வரண் சிங் வழக்கில் 2004-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன வழியில், இத்தகைய தகராறுகளில் அடிபட்டவருக்கு நிறுவனத்தை முதலில் கொடுக்கச் சொல்லி, பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலிக்க விடுவார்கள். தெரிந்தே மச்சானிடம் சாவியைக் கொடுத்த உரிமையாளருக்கு வீடே அடமானத்துக்குப் போகலாம்.

தேர்வைப் பற்றிய பயமும் கொஞ்சம் மிகை. எட்டில் கால் ஊன்றிவிட்டால் அன்றைக்குத் தோல்வி, சரி. ஏழு நாள் கழித்து மறுபடி வரலாம். மூன்று முறையும் தவறினால்தான் 60 நாள் காத்திருப்பும், பயிற்சிப் பள்ளியில் தனிப் பயிற்சியும். தேர்வு மைதானத்துக்கு வண்டியை நீங்களே ஓட்டிக்கொண்டு போய் இறங்காதீர்கள். லைசென்ஸ் உள்ள ஒருவரை ஓட்டி வரச் சொல்லுங்கள்.

நீண்ட தடையில் இருப்பவர்கள் லைசென்ஸ் காலாவதித் தேதியையும் பார்க்க வேண்டும். காலாவதியாகி ஒரு வருடம் தாண்டிவிட்டால், தடைக்குச் சம்பந்தமே இல்லாமல் புதுப்பிப்பதற்கே தேர்வு வைப்பார்கள். முன்பு இந்த அவகாசம் ஐந்து வருடமாக இருந்தது; இன்னும் பலர் அந்தக் கணக்கிலேயே இருக்கிறார்கள்.

உத்தரவு கைக்கு வந்ததும் செய்ய வேண்டியது, அதை முழுதாகப் படிப்பது. 19-ஆ, 20-ஆ, 22-ஆ என்று பாருங்கள். சந்தேகமிருந்தால் லைசென்ஸ் வழங்கிய அலுவலகத்தில் கேளுங்கள். தேவகோட்டைக்காரர்கள் பெரும்பாலோருக்கு அது காரைக்குடியில், இங்குள்ள சார் ஆட்சியர் அலுவலகத்தில் இல்லை. 19-ஆவது பிரிவில் வந்த உத்தரவு அநியாயம் என்று பட்டால் மேல்முறையீட்டுக்கு 30 நாள் மட்டுமே.