சோடா விற்ற சிறுவன்

கேரளத்தில் திருச்சூர் என்று ஓர் ஊர். அங்கே கால்பந்து மைதானத்தில் ஒரு சிறுவன் சோடா விற்றான். ஏழைக் குடும்பம். ஆனாலும் அவன் கண்ணெல்லாம் பந்தின் மேலேயே இருந்தது. அவன்தான் ஐ. எம். விஜயன்.

விஜயன் விடாமல் ஆடிப் பழகினான். 17 வயதில் கேரளப் போலீஸ் அணி அவனைச் சேர்த்துக்கொண்டது. பின்னர் போலீஸ் வேலையும் கிடைத்தது. 1990இல் அதே திருச்சூரில் அந்த அணி ஃபெடரேஷன் கோப்பையை வென்றது. விஜயன் இந்திய அணிக்கும் தலைவர் ஆனார். 2025இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

உங்கள் மகனோ மகளோ கால்பந்து அணியில் சேர ஆசைப்படலாம். பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். வயதைக் கூட்டியோ குறைத்தோ சொல்லாதீர்கள். விண்ணப்பத்தை நீங்களே படியுங்கள். கட்டணம் எவ்வளவு? அடிபட்டால் செலவு யாருடையது? கேளுங்கள். பிறகு கையெழுத்துப் போடுங்கள். கைநாட்டு வேண்டாம்.