தறி ஏறும் முன் ஒரு நிமிஷம்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறி வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளே, நெசவை உங்கள் ஆசான் சொல்லித் தருவார். நான் சொல்வது அதற்கு முந்தைய விடியற்காலையைப் பற்றி.

1. தறிக்குழியில் காலை விடுமுன், இரவில் போர்த்திய துணியை நீங்களே விலக்குங்கள். விளக்கைப் போட்டுப் பாவு நூலைப் புறங்கையால் தடவிப் பாருங்கள். உள்ளங்கையின் சொரசொரப்பு பட்டில் மாட்டும். அறுந்த இழை அப்போதே தெரிந்துவிடும். சாமி கும்பிடுவது அவரவர் விருப்பம். என்னைக் கேட்டால் இந்தத் தடவலே போதும்.

2. அந்த ஒரு நிமிஷத்தில் யாரை நன்றியோடு நினைப்பது? பட்டு கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து. அவ்வளவு தூரம் போகவேண்டாம். சாயக்காரர் கொதிக்கிற தொட்டியருகே நின்றிருக்கிறார். வெயில் ஏறுமுன் தெருவில் பாவு நீட்டியபோது அக்கம்பக்கத்தார் கைகொடுத்தார்கள். நாடாவுக்குள் வைக்கும் தார் சுற்றியது அம்மாவோ பாட்டியோ. கூலிக் கணக்கில் அவர்கள் பெயரே வராது. அவர்களிடம் வாய்விட்டு நன்றி சொல்லுங்கள். மனசுக்குள் சொன்னால் அவர்களுக்கு எப்படிக் கேட்கும்?

3. கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடா ஓடும். கரை நாடாவைப் போட்டு வாங்கப் பக்கத்தில் ஒருவர் வேண்டும். அவர் சாப்பிட்டாரா என்று கேட்டுவிட்டு மிதியுங்கள். சின்னப் பிள்ளைகளை அங்கே உட்காரவைத்த காலம் இந்த ஊரில் இருந்தது. இன்னும் எங்காவது கண்டால் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

4. கைபேசி தறிக்குழிப் பக்கமே வரக்கூடாது.

5. நன்றி உள்ளவன் கொடுத்ததை வாங்கிக்கொண்டு பேசாமலிருப்பான் என்று யாராவது உபதேசித்தால் நம்பாதீர்கள். கூலிக் கணக்கைக் கேளுங்கள், சங்கத்தில் சேருங்கள். நெசவாளர் வீட்டில் 1909-ல் அண்ணா பிறந்த ஊர் இது. அவர் பெயரிலேயே பட்டுக் கூட்டுறவுச் சங்கம் நடக்கிறது.

6. தினமும் கோயிலுக்குப் போக முடியவில்லையே என்று குறைப்பட வேண்டாம். வைகாசி கருட சேவையன்று மட்டும் தறியை விட்டுவிட்டு, விடியலிலேயே வரதராஜப் பெருமாளைப் பார்க்கப் போங்கள். மிளகும் சீரகமும் சுக்கும் மணக்கிற கோயில் இட்லி கிடைத்தால் வீட்டில் தார் சுற்றுகிறவருக்கும் ஒரு துண்டு கொண்டுவாருங்கள்.

7. ஐப்பசி, கார்த்திகையில் குழியில் தண்ணீர் ஊறும், வேலை நிற்கும், வருமானமும் நிற்கும். அந்தக் காலையில் நன்றி வரவில்லையென்றால் வலிந்து வரவழைக்காதீர்கள். தண்ணீரை இறைத்துவிட்டு, மழைக்கால உதவி ஏதும் உண்டா என்று சங்கத்தில் போய் விசாரியுங்கள்.