ட்ரையத்லன்: ஏரியில் இறங்க முதல் இதயத்தைக் கவனியுங்கள்



கோடை நெருங்கும்போது எனது மருத்துவ நிலையத்தில் இப்போது ஒரு புதுக் கேள்வி எழுகிறது. "டொக்டர், மகள் ட்ரையத்லனுக்குப் பேர் குடுத்திருக்கிறாள். நானும் அவளோட சேர்ந்து செய்யலாமோ?" கேட்பவர்கள் பெரும்பாலும் ஐம்பதை எட்டியவர்கள். என்னைப் போல அகதியாக வந்திறங்கி, இரண்டு வேலை செய்து, பிள்ளைகளைப் படிப்பித்துவிட்டு, இப்போதுதான் தங்கள் உடம்பைத் திரும்பிப் பார்க்கிறார்கள். பிறஷருக்கும் சலரோகத்துக்கும் குளிசை எடுப்பவர்களும் இவர்களில் உண்டு.

இது நல்ல ஆசை. ஆனால் இந்தப் போட்டியில் ஆபத்து எங்கே இருக்கிறது என்பதை அறிந்துகொண்டு இறங்க வேண்டும்.

ட்ரையத்லன் என்றால் என்ன?

நீச்சல், சைக்கிள் ஓட்டம், ஓட்டம் ஆகிய மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து முடிக்கும் போட்டி இது. உடுப்பு மாற்றும் நேரமும் கணக்கில் சேரும். மிகக் கடினமான வகையான 'அயன்மான்' 1978இல் ஹவாயில் தொடங்கியது. நீச்சல் 3.8 கிலோமீற்றர், சைக்கிள் 180, ஓட்டம் 42.2. முதல் வருடம் 15 பேர் தொடங்கி 12 பேர் முடித்தார்கள்.

ஒலிம்பிக்கில் இப்போட்டி 2000ஆம் ஆண்டு சிட்னியில் சேர்க்கப்பட்டது. அங்கே ஆண்களுக்கான முதலாவது தங்கப்பதக்கத்தை வென்றவர் கனடாவின் சைமன் விட்ஃபீல்ட். 1.5 கிலோமீற்றர் நீச்சல், 40 கிலோமீற்றர் சைக்கிள், 10 கிலோமீற்றர் ஓட்டம் ஆகியவற்றை அவர் 1 மணி 48 நிமிடத்தில் முடித்தார். இதில் பாதித் தூரம் கொண்ட 'ஸ்பிரின்ற்' போட்டிகளும், புதியவர்களுக்காக அதனிலும் குறுகிய போட்டிகளும் உண்டு.

ஆபத்து எங்கே?

சைக்கிளில் விழுவதற்கும், ஓட்டத்தில் மயங்குவதற்கும்தான் பலர் பயப்படுகிறார்கள். உண்மை வேறு. அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை நடந்த போட்டிகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2017இல் வெளியானது. அதில் பதிவான திடீர் மரணங்கள், இதயம் நின்றுபோன சம்பவங்கள், விபத்துக் காயங்களால் நேர்ந்த மரணங்கள் எல்லாம் சேர்த்து 135. இவற்றில் 90 நீச்சலின்போது நடந்தவை. பாதிக்கப்பட்டவர்களின் சராசரி வயது 47. நூற்றுக்கு 85 பேர் ஆண்கள். பிரேத பரிசோதனை விபரம் கிடைத்த 61 பேரில் 27 பேருக்கு இதய, இரத்தக்குழாய்க் கோளாறுகள் இருந்தன.

பயப்படுத்த இதைச் சொல்லவில்லை. மொத்தத்தில் ஓர் இலட்சம் போட்டியாளருக்கு இரண்டுக்கும் குறைவான சம்பவங்களே நடந்தன. ஆனால் 60 வயதும் அதற்கு மேலும் ஆன ஆண்களுக்கு அது 18க்கு மேல் உயர்ந்தது. "இது சின்னப் போட்டிதானே" என்ற எண்ணமும் சரியல்ல. குறுந்தூரப் போட்டிகளிலும் மரணங்கள் நடந்துள்ளன.

நீச்சலில் ஏன்?

குளிர்ந்த நீர் தோலில் பட்டவுடன் மூச்சு வாங்கும், இதயத் துடிப்பு ஏறும், குருதி அழுத்தம் உயரும். அதே நேரம் முகத்தை நீரில் அமிழ்த்தி மூச்சை அடக்கினால் துடிப்பைக் குறைக்கும் நரம்பு வேலை செய்யும். ஒன்று வேகப்படுத்த, மற்றது இழுத்துப் பிடிக்க, நோயுள்ள இதயம் தாளம் தவறலாம். இதனோடு நெஞ்சை இறுக்கும் வெற்சூட், பக்கத்தில் நீந்துபவர்களின் கால் உதை, பதற்றம் எல்லாம் சேர்கின்றன. ஓடும்போது நெஞ்சு நொந்தால் வீதியோரம் இருக்கலாம். ஏரியின் நடுவில் இருக்க இடமில்லை.

எங்கள் கடலும் இந்த ஏரியும்

"நான் தொண்டைமானாற்றிலை நீந்தின ஆள், எனக்கென்ன?" என்று சிலர் சொல்வார்கள். பெருமைப்பட வேண்டிய விடயந்தான். அந்த ஊரவரான நவரத்தினசாமி 1954இல் பாக்குநீரிணையை நீந்திக் கடந்தார். அதே 1954இல் மரிலின் பெல் என்ற 16 வயதுச் சிறுமி ஒன்ராறியோ ஏரியைச் சுமார் 21 மணித்தியாலத்தில் நீந்தி ரொறன்ரோக் கரையை அடைந்தார். வல்வெட்டித்துறை தந்த ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் பாக்குநீரிணையைப் போகவரக் கடந்தார். அத்தகைய வீரரே 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் உயிரிழந்தார்.

பாக்குநீரிணை வெதுவெதுப்பான கடல். ஒன்ராறியோ ஏரி அப்படியல்ல. கோடையிலும் பலத்த காற்று மேல்நீரைத் தள்ளிவிட, அடியிலுள்ள குளிர்நீர் மேலே வரும். முந்தநாள் 20 பாகையாக இருந்த நீர் இன்று 10 பாகையாகிவிடலாம். ஊரில் கற்ற நீச்சல் கைகளுக்கு மறக்காது. ஆனால் குளிர்நீர் உங்கள் இதயத்துக்குப் புதிது.

எங்கள் இதயம்

ரொறன்ரோ, ஹமில்டன், எட்மன்ரன் நகரங்களில் நடந்து 2000இல் வெளிவந்த ஆய்வொன்றில், இதய, இரத்தக்குழாய் நோய் ஐரோப்பிய வம்சாவளியினரில் நூற்றுக்கு 5 பேருக்கும் தெற்காசியரில் நூற்றுக்கு 11 பேருக்கும் காணப்பட்டது. பல நாடுகளை ஒப்பிட்டு 2007இல் வந்த இன்னோர் ஆய்வின்படி தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருகிறது. மற்றவர்களுக்கு ஏறக்குறைய 59இல். மெலிந்த உடம்பு என்பதால் தப்பிவிட முடியாது.

செய்ய வேண்டியவை

1. பயிற்சி தொடங்க முதல் குடும்ப வைத்தியரைச் சந்தியுங்கள். குருதி அழுத்தம், சீனி, கொலஸ்ட்ரோல் பாருங்கள். தகப்பன், சகோதரருக்கு இளவயதில் மாரடைப்பு வந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். ஈ.சி.ஜி., நடைப்பட்டிப் பரிசோதனை தேவையா என்பதை வைத்தியர் தீர்மானிப்பார்.

2. படியேறும்போது நெஞ்சு இறுக்கம், வழக்கத்துக்கு மாறான இளைப்பு, மயக்கம் இருந்தால் பயிற்சியை நிறுத்துங்கள். "வாய்வு" என்று சோடா குடித்துவிட்டு இருக்க வேண்டாம்.

3. சலரோகத்துக்கு இன்சுலின் அல்லது கிளைக்கிளசைட் எடுப்பவர்களுக்குப் போட்டியின்போது சீனி திடீரென இறங்கலாம். எம்பாகிளிஃப்ளோசின் போன்ற குளிசைகள் எடுப்பவர்கள் உடம்பு நீர் வற்றினால் ஆபத்துக்குள்ளாகலாம். குளிசையை நீங்களாக நிறுத்தாமல் முதலே வைத்தியரிடம் கேளுங்கள்.

4. நீச்சல் தெரியாதவர்கள் நகரசபைத் தடாகத்தில் வளர்ந்தோர் வகுப்பில் சேருங்கள். பிறகு உயிர்காப்பாளர் உள்ள கரையோரம், துணையோடு ஏரியில் பழகுங்கள். வெற்சூட்டைப் போட்டியன்று முதன்முதலாக அணியாதீர்கள்.

5. போட்டியன்று மெதுவாக நீரில் இறங்கி, மூச்சு சீராகும்வரை மிதந்து, கூட்டத்தின் ஓரமாகத் தொடங்குங்கள். முடியாவிட்டால் மல்லாந்து மிதந்து கையை உயர்த்துங்கள். காவல் படகைப் பிடித்து இளைப்பாறலாம். படகு உங்களை முன்னுக்கு நகர்த்தாதவரை விதிகள் அதை அனுமதிக்கின்றன. அதில் வெட்கம் எதுவும் இல்லை.

6. காய்ச்சலோடு போட்டிக்குப் போகாதீர்கள். தாகத்துக்கு ஏற்பத் தண்ணீர் குடியுங்கள். அளவுக்கு மிஞ்சிய தண்ணீர் இரத்தத்தில் உப்பைக் குறைத்து மயக்கத்தில் கொண்டுபோய் விடும்.

7. வீட்டில் ஒருவராவது நெஞ்சை அழுத்தி உயிர்காக்கும் முதலுதவியைப் பழகியிருக்க வேண்டும். ஒருவர் சரிந்து மூச்சின்றிக் கிடந்தால் 911ஐ அழைத்து உடனே தொடங்குங்கள்.

குடும்பத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. பணம் கட்டியாயிற்று, நண்பர்கள் பார்க்கிறார்கள் என்பதற்காக யாரையும் நீரில் இறங்கத் தூண்டாதீர்கள். இந்த வருடம் வைத்தியர் வேண்டாம் என்றால் நீச்சல் இல்லாத சைக்கிள், ஓட்டப் போட்டிகள் இருக்கின்றன. அவரும் முடியாதென்றால் மகளின் சைக்கிளுக்குக் காற்றடித்துக் கொடுங்கள். மாலையில் அவளோடு நடவுங்கள். அடுத்த கோடைக்கு வழி பிறக்கலாம்.

(இது பொதுவான தகவல் மாத்திரமே. உங்கள் உடல்நிலை குறித்து உங்கள் குடும்ப வைத்தியரிடம் ஆலோசனை பெறுங்கள்.)