குப்பியில் கிடக்கும் தட்டைப்புழுவுக்கு இன்னும் வேலை இருக்கிறது

நம்பிக்கை: முதுகின் நிறத்தையும் வரிகளையும் பார்த்தே தட்டைப்புழுவின் இனத்தைச் சொல்லிவிடலாம்.

உண்மை: நிலத்தில் ஊரும் தட்டைப்புழுக்களில் பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும் வெவ்வேறு இனங்கள் பல. உள்ளே இருக்கும் இனப்பெருக்க உறுப்புகளின் அமைப்பை வைத்துத்தான் பெரும்பாலும் இனம் பிரிக்கிறார்கள். 2008இல் குர்ன்சி தீவில் தென்பட்டு, ஐரோப்பியத் தோட்டங்களில் பரவிய பழுப்புநிறப் புழு ஒன்றை, 1857இல் பிரேசிலிலிருந்து விவரிக்கப்பட்ட ஒபாமா மார்மொராட்டா என்றே முதலில் கருதினார்கள். உள்ளுறுப்புகளையும் மரபணுவையும் ஒப்பிட்ட பெர்னாண்டோ கார்பாயோ குழு, அது தனி இனம் என்று 2016இல் நிறுவி ஒபாமா நுங்காரா எனப் பெயரிட்டது. மண்புழுக்களைத் தின்று தீர்க்கும் புழு எந்த நாட்டிலிருந்து வந்தது என்று தேடுவதற்கு, அது எந்த இனம் என்பது முதலில் தெரிய வேண்டும்.

சுத்தியல் தலைப் புழுக்களின் நிலை இன்னும் கவலைக்குரியது. அவற்றில் பலவற்றின் உள்ளுறுப்புகளை யாரும் விவரித்ததே இல்லை. அவற்றை வைப்பதற்கென்றே டைவர்சிபைபேலியம் என்ற தற்காலிகத் தொகுப்பு இருக்கிறது.

நம்பிக்கை: வெளுத்துப்போன பழைய மாதிரியால் பயனில்லை.

உண்மை: நிறம் போனாலும், நன்றாகப் பதப்படுத்திய புழுவில் உறுப்புகள் நிலைத்திருக்கும். பெயரிட்டபோது குறித்துவைத்த மூலமாதிரிதான் பெயர்ச் சிக்கலில் கடைசிச் சாட்சி.

நம்பிக்கை: உள்ளே பார்க்க, வெட்டியே ஆக வேண்டும்.

உண்மை: இலங்கைத் தட்டைப்புழுக்களின் உடற்கூறு பற்றி ஹென்றி மோஸ்லி 1874இல் எழுதிய காலத்திலிருந்து வெட்டித்தான் பார்த்தார்கள். மெழுகில் பதித்து, மிக மெல்லிய சீவல்களாக்கிச் சாயமேற்றினால் எல்லாம் தெரியும், புழு மிஞ்சாது. உலகில் ஒரே ஒரு மூலமாதிரி இருக்கும்போது யாருக்குத் துணிவு வரும்? மைக்ரோ சிடி ஸ்கேன் இந்தத் தயக்கத்தைப் போக்குகிறது. மென்திசு எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது என்பதால், புழுவை அயோடின் போன்ற கரைசலில் ஊறவைத்துச் சுழற்றிப் படமெடுக்கிறார்கள். கணினி அவற்றை முப்பரிமாண உருவமாக்கும். எந்தத் திசையிலும் திரையிலேயே வெட்டிப் பார்க்கலாம். ஒபாமா ஒட்டாவியோய் என்ற புதிய இனத்தை 2016இல் இந்த முறையில்தான் விவரித்தார்கள். செல்லளவு நுணுக்கத்துக்கு மட்டும் நுண்ணோக்கிச் சீவல்கள் இன்னும் தேவை. ஃபார்மலினில் நெடுங்காலம் கிடந்த மாதிரியில் மரபணு பெரும்பாலும் சிதைந்திருக்கும். அதற்கு ஸ்கேன்தான் துணை.

கல்லூரி விலங்கியல் துறையினருக்கு ஒரு வேண்டுகோள்: அலமாரியில் பெயர் தெரியாத புழுக்குப்பி இருந்தால் கொட்டிவிடாதீர்கள். ஆல்கஹால் குறைந்திருந்தால் நிரப்புங்கள். இடமும் தேதியும் எழுதிய பழைய சீட்டைக் கிழிக்காமல் குப்பியோடு வையுங்கள்.