மணிலா விளையாத மேட்டுக்குக் கொழுக்கட்டைப் புல்

திண்டிவனத்தை அடுத்த பெருமுக்கல் போன்ற குன்றடி ஊர்களில், சரளை கலந்த சரிவு நிலத்தில் மானாவாரி மணிலா போடுவோர் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் கொத்திவிட்ட மேல்மண் வழிந்து ஏரியில் சேருகிறது. மழை பொய்த்தாலோ விதைப் பருப்புக்குப் போட்ட பணமும் திரும்புவதில்லை. இத்தகைய நிலம் முழுவதையும் மாற்ற வேண்டாம். ஆண்டுதோறும் கையைக் கடிக்கும் மேட்டுத் துண்டு 25 சென்டை மட்டும் கொழுக்கட்டைப் புல்லுக்கு விட்டுப் பார்க்கலாம்.

இது நம் நாட்டுப் புல். ஒரு முறை பிடித்துவிட்டால் பல ஆண்டுகள் நிற்கும். கோடையில் காய்ந்து கிடந்தாலும் தூர் சாகாது. ஒரு மழைக்குத் துளிர்த்துவிடும். வேர்கள் கொத்தாக இறங்கி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். காங்கேயம், தாராபுரம் பக்கம் 'கொறங்காடு' என்று கிளுவை வேலி கட்டி, வெள்வேல மரங்களுக்கிடையே இப்புல்லை வளர்த்துத்தான் காங்கேயம் மாடுகளையும் ஆடுகளையும் தலைமுறைகளாக மேய்த்து வருகிறார்கள். அங்கே பெய்யும் மழை திண்டிவனம் பகுதியைவிடக் குறைவு.

நிலத்தை நன்கு உழுது, ஏக்கருக்கு 2 டன் தொழு உரம் இட வேண்டும். ஆடி, ஆவணி மழையில் விதைத்தால் அடைமழைக்கு முன் வேர் பிடிக்கும். ஏக்கருக்கு 3 கிலோ விதை, 25 சென்டுக்கு முக்கால் கிலோ போதும். வரிசைக்கு வரிசை 50 செ.மீ., செடிக்குச் செடி 30 செ.மீ. இடைவெளி விடலாம். சரிவுக்குக் குறுக்காகவே வரிசை அமைய வேண்டும். விதை பஞ்சுபோல் இருப்பதால் மணலில் கலந்து தூவி, லேசாக மூடினால் போதும். ஆழமாகப் போனால் முளைக்காது. மூன்று வரிசைப் புல்லுக்கு ஒரு வரிசை முயல் மசால் சேர்த்தால் தீவனத்தில் புரதம் கூடும்.

பலர் தவறுவது அடுத்த கட்டத்தில்தான். பச்சையைக் கண்டதும் ஆட்டை அவிழ்த்து விடுகிறார்கள். இளம் தூரை ஆடு வேரோடு பிடுங்கிவிடும். முதல் ஆண்டு அறுத்துத்தான் போட வேண்டும். விதைத்த 70, 75 நாளில் முதல் அறுப்பு எடுக்கலாம். ஒரு சாண் உயரத்துக்குக் கீழே அரிவாள் போகக் கூடாது.

கவுதாரி, காடை, முயல் ஆகியவை இப்புதரில் ஒதுங்கும். கவுதாரி தரையில்தான் முட்டையிடும். கரையானையும் பூச்சியையும் பொறுக்கித் தின்னும். ஆகவே சித்திரை முதல் ஆவணி வரை வரப்போரம் ஒரு பட்டையை அறுக்காமல் விடுவது நல்லது. இவற்றைக் கண்ணி வைத்துப் பிடிப்பது 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

விதை காற்றில் பறக்கும். ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோன இதே புல் அங்கே அடங்காத களையாகிவிட்டது. எனவே மணிலாக் கொல்லையை ஒட்டிய வரிசைகளைக் கதிர் முற்றுமுன் அறுத்துவிட வேண்டும். மற்ற வரிசைகளில் முற்றிய கதிரைக் கையால் உருவிச் சாக்கில் கட்டி வைக்கலாம். புது விதை சரியாக முளைக்காது. அடுத்த ஆண்டு ஆடி மழைக்கே அதை எடுக்க வேண்டும்.